கழற்ற வராத பூட்ஸ்

நல்ல தோலா, கெட்ட தோலா என்று தெரிய வேண்டுமானால் அதைக் கொஞ்சம் துன்புறுத்தித்தான் ஆக வேண்டும். மடக்க வேண்டும், முறுக்க வேண்டும், நகத்தை ஊன்ற வேண்டும், பல்லால் கடித்துப் பார்க்க வேண்டும். அப்புறமும் சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு கீறு கீறி உள்ளே என்ன நிறம் என்று பார்க்க வேண்டும். நடுவில் வெளுத்த கோடு ஓடினால் தோலைப் பதப்படுத்துகிற பட்டைச் சாறு உள்ளே இறங்கவில்லை என்று அர்த்தம். மேலே தோல், உள்ளே இன்னும் பச்சை மாடு. ஆம்பூர் டேனரிகளில் வேலை செய்த எங்களுக்கு இதை யாரும் சொல்லித் தந்ததில்லை. கைக்கு அதுவாக வந்துவிடும். சந்தையில் கத்திரிக்காய் வாங்கப் போனாலும் நகம் முந்திக்கொண்டு போய் ஊன்றும்.

அந்தக் கைகளோடுதான் நானும் என் அக்கா வீட்டுக்காரரும் வேலூருக்கு பூட்ஸ் வாங்கப் போனோம். பெரிய யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம். பட்டாளத்தில் கழித்துக்கட்டிய பூட்ஸ்களைக் கோட்டைக்கு எதிரே சாக்கு விரித்துக் குவித்து வைத்து விற்றார்கள். தூரத்திலிருந்து பார்த்தால், கால்களை மட்டும் வெட்டிக் குவித்த மாதிரி இருக்கும்.

எங்களுக்கு எதற்கு பூட்ஸ் என்று கேட்காதவர்கள் தெருவில் இல்லை. மாமாவின் வலது காலுக்காகத்தான். டேனரியின் சுண்ணாம்புக் குழியில் நின்று தோலின் மயிர் வழிக்கும் வேலை அவருக்கு. சுண்ணாம்பு நாய் மாதிரி கடிக்காது, நக்கும். நக்கி நக்கி உள்ளங்காலில் ஒரு குழி பறித்து எலும்பைத் தொட்டுவிட்டது. மிஷன் ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் கட்டுக் கட்டி எப்படியோ மூடினார்கள். அனுப்பும்போது டாக்டரம்மா, இது இன்னொரு தரம் திறந்தால் காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று சொல்லி, எங்கே எடுப்பது என்பதையும் முழங்காலுக்குக் கீழே விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். வீட்டுக்கு வந்ததும் என் அக்கா ஈரத் துணியை எடுத்து அந்த இடத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். தோல் சிவந்த பிறகும் நிறுத்தவில்லை.

முதலாளி சாய்பு நல்ல மனுஷர். இனி சுண்ணாம்புப் பக்கமே போக வேண்டாம், ஜவ்வாது மலைக்கு ஏறி மலைக்காரர்களிடம் தோல் பதனிடுவதற்குக் கடுக்காய் பேசி வாங்கி வா, துணைக்கு உன் மச்சானைக் கூட்டிக்கொள் என்றார். கம்பளி, சட்டி, அரிசி எல்லாவற்றையும் முதுகில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக ஏறி இறங்கும் வேலை. மலை முழுக்கக் கல்லும் முள்ளும். செருப்பைக் குத்திக்கொண்டு மேலே வரும் முள் அது. ஒரு முள் போதும், டாக்டரம்மாவின் கோடு கத்தியாகிவிடும்.

வேலூரில் மாமா ஒரு ஜோடியைத் தூக்கினார். முகர்ந்தார். கடித்தார். கடைக்கார பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். மாமா மடியிலிருந்து தோல் சீவும் கத்தியை எடுத்து, பூட்ஸின் நாக்கில் ஒரு துண்டு சீவி வெளிச்சத்தில் பிடித்தார். அடுத்த நொடி பாயின் கை மாமாவின் கழுத்தில் இருந்தது.

"இன்னாய்யா, பூட்ஸ் வாங்க வந்தியா, கறி வெட்ட வந்தியா?"

"உள்ள வெள்ளையா கீது பாய். பாதி வெந்த தோலு."

"பட்டாளத்தான் அதப் போட்டுக்கினு பாஸ்ரா வரைக்கும் போய்ட்டு வந்தான். உன் காலு இன்னா, அவன் காலவிட ஒசத்தியா?"

மாமா அவர் கையைத் தட்டிவிட, அவர் மாமாவின் மார்பில் ஒன்று வைக்க, குவியல் சரிந்து நாங்கள் மூன்று பேரும் பூட்ஸ்களுக்கு நடுவில் உருண்டோம். ஒரு லாடம் என் காதைக் கிழித்தது. போலீஸ்காரர் வருகிற சத்தம் கேட்டதும் பாயே எங்களைத் தூக்கி நிறுத்தி, தூசி தட்டி, தோஸ்துங்க விளையாடறோம் என்று அவரிடம் சொல்லி அனுப்பினார். பிறகு மாமாவிடம் மெதுவாக, ஆம்பூர்க்காரனுக்கு நான் இனி ஜென்மத்துக்கும் விற்க மாட்டேன் என்றார்.

ஆகவே ஆம்பூரிலேயே தைக்கக் கொடுப்பது என்று ஆயிற்று. எங்கள் தெருக்கோடியில் ஒருவர் துரைமார்களுக்குத் தைத்துப் பழகியவர். வாய் மட்டும் காரம். மாமா டேனரியிலிருந்து ஒரு தோலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அழகான தோல். உண்ணி கடித்த புள்ளி இல்லை, சூட்டுத் தழும்பு இல்லை, ஒரே நிறம். லண்டனுக்குப் போகிற முதல் ரகம். டேனரிக்காரனின் கண் அப்படித்தான் பழகியிருக்கிறது. கப்பல் ஏறுகிற தோலே நல்ல தோல். தைப்பவர் அதை ஒரு கையால் வாங்கி மூலையில் எறிந்தார்.

"சீமையில தொரசானி கைக்கு மாட்டிக்குவா இத. நீ கல்லுல போவணும்."

அவர் எடுத்துப் போட்டது கிழ எருமையின் முதுகுத் தோல். தார்க்குச்சி குத்திய வடுக்கள், நுகத்தடி தேய்த்துக் காய்த்த திட்டுகள், ஒரு பக்கம் கொம்பு கிழித்து ஆறிய தழும்பு. மரக்கட்டையில் வைத்துச் சுத்தியலால் மாறி மாறி அடித்தார். அது பள்ளம் விழாமல் சுத்தியலைத் திருப்பித் தள்ளிற்று. மாமா கீறிப் பார்த்தார். நடுவரை ஒரே பழுப்பு. அளவெடுக்கக் காலை நீட்டிவிட்டார்.

கணுக்காலுக்கு மேல் வரை உயரம், அடியில் ஆணி, குதிகாலில் லாடம். இனி ஒன்றுதான் பாக்கி. வார் பட்டை வைத்துச் சட்டென்று உருவுகிற மாதிரியா, கயிறு கோத்து இறுக்கிக் கட்டுகிற மாதிரியா? பட்டை வைத்தால் குதிகால் ஆடும், ஆடினால் தேய்க்கும், தேய்த்தால் கொப்புளம். கயிறுதான் என்றார் மாமா. பருத்திக் கயிறு முள்ளில் அறுந்துவிடும் என்று நான் சொன்னேன். சரி, தோல் வார். எல்லாவற்றையும் யோசித்துவிட்டோம் என்று நினைத்தோம்.

ஒன்றைத் தவிர. மலையடிவாரத்துக்குப் போகும் பாதை ஒரு ஊரின் பெரிய தெருவுக்குள் நுழைந்து வெளியே வரும். ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் பாறை. எங்களுக்குத் தெரிந்து வேறு வழி இல்லை. எங்கள் ஆட்கள் அந்தத் தெருமுனைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். யாரும் சொல்ல வேண்டியதில்லை. கொட்டாவிக்கு வாய் திறப்பதுபோல் அது நடக்கும். கால் உதறும், முதுகு குனியும், கை எடுக்கும், தெரு முடிந்ததும் மறுபடி மாட்டும். நடந்த ஞாபகம்கூட இருக்காது. அதனால்தான் பூட்ஸ் தேர்ந்தெடுத்த அத்தனை பேச்சிலும் அந்தத் தெரு எங்கள் வாயில் வரவில்லை. நாங்கள் மலைக்குத் தேர்ந்தெடுத்தோம். தெருவுக்குத் தேர்ந்தெடுக்கவில்லை.

முதன்முதலாக மலைக்குக் கிளம்பிய அன்று வழியில் ஓர் ஓடை. மாமா பூட்ஸோடே இறங்கிக் கடந்தார், ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை என்று பெருமையாகக் காலைத் தூக்கிக் காட்டினார். அதற்கப்புறம் வெயிலில் நடை. தெருமுனைக்கு வந்து என் செருப்பை நான் கழற்றி ஆயிற்று. மாமா குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. நனைந்து ஊறி வெயிலில் காய்ந்த தோல் வார் சுருங்கி, முடிச்சு இரும்புக் கொட்டையாகியிருந்தது. தோல் அப்படிச் செய்யும் என்று ஊருக்கே தெரியும். தோலிலேயே பிழைக்கிற நாங்கள் இரண்டு பேரும் அதை மறந்துவிட்டோம். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. முடிச்சு அசையவில்லை.

நான் கத்தியை எடுத்தேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அறுத்துட்டா மேல இன்னாத்த வெச்சுக் கட்டறது? ஆடுச்சின்னா மலை ஏறி முடிக்கறதுக்குள்ள புண்ணு தொறந்துக்கும்."

"அப்போ திரும்பிடலாம் மாமா."

"திரும்பிப் போய் சுண்ணாம்புல நிக்கட்டுமா?"

உச்சி வேளை, எல்லாரும் வயல்கொல்லையில் இருப்பார்கள், வேகமாகப் போய்விடலாம் என்றார். போனோம். தெருவில் கல் பாவியிருந்தது. ஆணி அடித்த பூட்ஸ் கல்லில் பேசும் பேச்சு இருக்கிறதே, அதை எந்த மனுஷனாலும் மெல்லப் பேசவைக்க முடியாது. ஒவ்வோர் அடிக்கும் இரண்டு பக்கச் சுவரும் எங்களைக் காட்டிக்கொடுத்தன.

பாதித் தெருவில் ஒரு வாசலில் அண்ணனும் தம்பியுமாக இருவர் வண்டிக்கு அச்சு மாற்றிக்கொண்டிருந்தார்கள். தலை தூக்கினார்கள். அண்ணன் கீழே பார்த்தான். காலை மட்டும் பார்த்தான். கயட்டு என்றான். மாமா முதுகு மூட்டையோடு கும்பிட்டார்.

"காலுல புண்ணு சாமி. முடிச்சு இறுகிப்போச்சு. அவுக்க வரல."

"அவுக்க வரலியா?" தம்பி சிரித்தான். "அதுக்கின்னா, நாங்க அவுத்து வுடறோம்."

முதல் அடி வண்டி முளைக்குச்சியால் விழுந்தது. மாமாவின் காதுக்கு மேலே. முடிச்சை அறுத்துவிடலாம், அதோடு முடிந்துவிடும் என்று நான் கத்தியோடு குனிந்தேன். குனிந்த எனக்கு அது முடிச்சுக்கான கத்தி. பார்த்தவர்களுக்கு அது அவர்களுக்கான கத்தி. வீடுகளிலிருந்து ஆள் வந்தார்கள். யாரோ என் கையை வண்டிச் சக்கர ஆரக்கால்களுக்குள் நுழைத்துத் திருப்பினார்கள். முழங்கைக்குக் கீழே சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. வலி பிறகுதான் வந்தது. தரையில் கிடந்து, கால்களின் காட்டுக்கு ஊடே மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரை உதைத்தார்கள். மூட்டை கிழிந்து எங்கள் அரிசி தெருவில் கொட்டியது, அதையும் மிதித்தார்கள். அவர் தலையை மறைக்கவில்லை, வயிற்றை மறைக்கவில்லை. இரண்டு கையாலும் வலது காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தார், குழந்தையைக் காப்பாற்றுகிறவர் மாதிரி.

அண்ணன் உள்ளே போய்க் கொடுவாளோடு வந்தான். மாமாவின் கைகளைப் பிரித்தார்கள். தம்பி அவர் வலது காலைத் தூக்கி வண்டி நுகத்தின் மேல் வைத்து, குதிகாலையும் முன்காலையும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். பூட்ஸைத்தான் வெட்டப்போகிறேன், கால் போனால் நான் பொறுப்பில்லை என்று அண்ணன் சொன்னது எனக்குக் கேட்டது. மாமா அப்போதுதான் முதன்முதலாகக் கத்தினார். சாமி என்றோ அம்மா என்றோ அல்ல. கோடு, கோடு என்று கத்தினார். அங்கே யாருக்கும் புரிந்திருக்காது.

கொடுவாள் இறங்கியது. கிழ எருமையின் முதுகில் அது பதிந்து, ஒரு விரல் நுனி அளவுக்குக் கடித்து, நின்றது. அண்ணன் அசைத்துப் பிடுங்கினான். மறுபடி வெட்டினான், மறுபடி நின்றது. கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவனைக் கெடுத்தது. முழுக் கோபத்தையும் தோளில் ஏற்றி ஓங்கி வீசினான். வாள் காய்ப்புத் திட்டில் பட்டு வழுக்கி, பக்கவாட்டில் பறந்து, தம்பியின் கையில் போய் உட்கார்ந்தது. அவன் கட்டைவிரல் ஒரு துண்டு தோலில் தொங்கியது.

தெரு அப்படியே நின்றது. பிறகு எல்லாரும் அவனிடம் ஓடினார்கள். மாமா எழுந்து என் நல்ல கையைப் பிடித்து இழுத்தார். கற்கள் முதுகில் விழ விழ ஓடினோம். எனக்குக் கீழே தரை தெரியவில்லை; மாமாவின் ஆணிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே ஓடினேன்.

மேலே முதல் மலையூரில் ஒரு பெண் என் கைக்கு மூங்கில் வைத்துக் கட்டினாள். மாமாவின் முடிச்சில் வெந்நீரும் விளக்கெண்ணெயும் ஊற்றி ஊறவைத்து, மான்கொம்பு முனையால் நெம்பித் திறந்தாள். பூட்ஸ் வந்தது. வெட்டுகள் ஒன்றுகூட உட்பக்கம் எட்டவில்லை. பாதம் உலர்ந்து, வெளுத்து, ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. பழைய புண் வாயை மூடிக்கொண்டிருந்தது. மாமாவின் முகத்தில் ஒரு கண் வீங்கி மூடிவிட்டது, முன்பற்கள் இல்லை, விலா எலும்பு மூச்சுக்கு மூச்சு குத்தியது. அவர் தன் காலை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு வாந்தி எடுத்தார்.

கீழே அந்தத் தெருக்காரர்களிடமிருந்து சேதி வந்தது. அடுத்த முறை பூட்ஸை விட்டுவிடுவார்களாம், காலைத்தான் எடுப்பார்களாம். முதலாளி வருத்தப்பட்டு, கடுக்காய்க்கு வேறு ஆள் பார்க்கிறேன், டேனரி ஷெட்டில் ஏதாவது வேலை தருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். ஷெட்டில் எந்த வேலையும் சுண்ணாம்புத் தண்ணீரில் கால் வைக்காமல் நடக்காது என்பது அவருக்கும் தெரியும். மாமா மாட்டேன் என்றார்.

ஊரைத் தொடாமல் மலைக்குப் போக ஒரு வழி உண்டு என்று மலைக்காரர்கள் காட்டினார்கள். பாறையைச் சுற்றி, காட்டாற்றின் வறண்ட படுகையில் ஏறிப் போவது. ஆடு மேய்ப்பவன்கூட அதில் போக மாட்டான். பொழுது விடிந்து கிளம்பினால் பொழுது சாய்கிற வரை கல். நாங்கள் தவிர்த்த அந்தத் தெருவோ, ஒரு பாக்கைக் கடித்து முடிப்பதற்குள் நடந்துவிடக் கூடியது.

என் கை கோணலாகக் கூடியது. அந்தக் கையோடு, அடுத்த கடுக்காய்ப் பருவத்தில் அவருக்குப் பின்னால் படுகையில் ஏறினேன். பூட்ஸில் வெட்டு விழுந்த இடங்களைத் தைக்கக் கொடுக்காமல் அப்படியே விட்டிருந்தார். பாதி ஏறியதும் உட்காரலாமா மாமா என்று கேட்டேன். ஒவ்வொரு கல்லையும் தேர்ந்து, குதிகாலை ஓங்கி, அதன் மேல் இறக்கினார். லாடத்தில் பொறி பறந்தது. கல் பிளந்தால் ஒரு கணம் நின்று பார்த்தார். பிளக்காவிட்டால் மறுபடி ஓங்கினார்.