பூஜ்யம் சமம் ஏழு

டியூஷன் தொழிலில் விடை தப்பானால் பழி டீச்சருக்கு, சரியானால் பெருமை பரம்பரை மூளைக்கு. எக்ஸ், ஒய்யோடு மல்லுக்கட்டும் சகபாவிகளே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

துரத்திவிட்டுத் தேடு

சிங்கப்பூர் ஈசூனில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. என் மாணவி சரோஜா அக்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. செங்காங்கில் ஒரு பாலர் பள்ளியில் உதவியாளர். பிள்ளைகளுக்கு ஊட்டுவார், கழுவிவிடுவார். ஆசிரியர் பயிற்சியில் சேர நுழைவுத் தேர்வில் கணக்கு தேற வேண்டும். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இது கடைசி வாய்ப்பு.

முதல் நாளே ஒருங்கமை சமன்பாடு. “எக்ஸை நீக்கினால் ஒய் கிடைக்கும், ஒய்யை வைத்து எக்ஸைக் கண்டுபிடிக்கலாம்” என்றேன். அக்கா பேனாவைக் கீழே வைத்தார்.

“தொரத்திவிட்டதையே திரும்பத் தேடணுமா டீச்சர்? முதல்லயே இருக்க விட்டிருக்கலாம்ல?”

மைனஸ் நான்கு வயது

கழிக்கும்போது அக்கா முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றுவார், மற்றதை மறந்துவிடுவார். தலைகீழாக நின்றும் அதை என்னால் திருத்த முடியவில்லை. அன்று அம்மா, மகள் வயதுக் கணக்கு. மகளுக்கு மைனஸ் நான்கு வயது என்று வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. “கோணல்மாணலா விடை வந்தா தப்பு உங்க மேலதான்! அழிச்சிட்டு மறுபடி போடுங்க!” என்று கத்தினேன். அக்கா ரப்பரை எடுத்தபடியே சொன்னார்:

“பொறக்க இன்னும் நாலு வருஷம் இருக்கு டீச்சர். எங்க ஸ்கூல் வெயிட்டிங் லிஸ்ட்ல இப்பவே பேரு போட்டுடலாம் லா.”

தேர்வு நாள்

தேர்வு முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு வந்து, ஒரு கேள்வியை நினைவிலிருந்து எழுதிக் காட்டினார்: 2x + y = 5, 4x + 2y = 17. தீர்வு இருந்தால் காண்க, இல்லையெனில் ‘இல்லை’ என்று எழுதுக. முதலாவதை இரண்டால் பெருக்கிக் கழித்தால் 0 = 7 என்று வரும். அப்படி வந்தால் தீர்வே கிடையாது. அக்காவுக்கு முதல் தடவையே 0 = 7 வந்திருக்கிறது. எட்டு மாதத்தில் அன்றுதான் ஒரு குறிகூடத் தவறவில்லை!

ஆனால் அதை நான்கு முறை அழித்து அழித்துப் போட்டிருக்கிறார். நேரம் முடிந்துவிட்டது, பின்னால் இருந்த கேள்விகளைப் பார்க்கவே இல்லை. போயே போயிற்று. தீர்வில்லாத கணக்கும் உண்டு என்று நான்தான் சொல்லித்தரவில்லை. தேர்வில் வராது என்று தாண்டிவிட்டேன். “இல்லைன்னு எழுதியிருக்கலாமே அக்கா?” என்றேன்.

“பதில் இல்லேன்னு சொல்றதுக்கு நான் யாரு, டீச்சர்?”

எட்டு மாதமும் கணக்குச் சொல்லிக்கொடுத்ததாகத்தான் நினைத்திருந்தேன். நான் சொல்லிக்கொடுத்தது பயம், அதில் மட்டும் அக்கா நூற்றுக்கு நூறு.