ஐம்பது சென்டிமீட்டர் கம்பி

“...முழுசா படிச்சிக்கினு இருக்காதண்ணா. நீ தலைய மட்டும் சொல்லு, ஒடம்ப நான் சொல்றேன்” என்றாள் தங்கை, கண்ணை மூடியபடி.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ். என் மடியில் அவளுடைய ஜெராக்ஸ் கட்டு. மதியம் கடற்கரைச் சாலைக் கல்லூரியில் அவளுக்கு எம்-த்ரீ பரீட்சை. மூன்றாம் செமஸ்டரில் விழுந்து, இன்ஜினியரிங் படிப்பே முடிந்தும் எழுந்திருக்காத கணக்குப் பேப்பர். மற்றதெல்லாம் தேறிவிட்டாள். வேலைக்கு எடுத்த கம்பெனிக்காரன், அரியர் இல்லாமல் வந்தால்தான் சேர்த்துக்கொள்வேன் என்றிருந்தான். இதுவும் போனால் வேலையும் போச்சு.

உழைப்பில் குறையே சொல்ல முடியாது. டி.வி. கேபிள் ஒயரை அவளே பிடுங்கிப் போட்டாள். சாப்பிடும்போதும் உதடு அசையும். எங்கள் மாமா வரும்போதெல்லாம், “இன்னாம்மா, எம்-த்ரீன்னா மூணு வருசம் எழுதணுமா?” என்று சீண்டுவார். “உனுக்கு இன்னா மாமா, பத்தாவதுலயே பஸ்ஸ வுட்டு எறங்கிட்ட” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போவாள். மறுபடி உதடு அசையும்.

நானும் அதே பத்தாவது ஸ்டாப்பில் இறங்கியவன்தான். லாரி முதுகையும் மருந்து அட்டையையும் எழுத்துக் கூட்டிக் கற்ற இங்கிலீஷை வைத்து, கேள்விகளைத் தெரிந்த வரை தமிழாக்கி வாசித்துக்கொண்டு வந்தேன். பாதி வாசிப்பதற்குள் அவள் விடையைக் கொட்டிவிடுவாள். தாளோடு ஒத்துப் பார்த்து ‘கரெக்ட்’ சொல்வது என் வேலை.

திருக்கழுக்குன்றம் தாண்டியது.

“அம்பது சென்டிமீட்டர் கம்பி. ஒரு முனை இருபது டிகிரி, இன்னொரு முனை எம்பது. நடுவுல சூடு...”

“டூ எக்ஸ் பிளஸ் ட்வென்ட்டி.”

“கரெக்ட்.” தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். “ஐய, அம்பது இல்லம்மா, முப்பது. ஜெராக்ஸ்ல மை இழுவி கீது. பரவால்ல, நீ சரியாத்தான் சொன்ன.”

அவள் கண்ணைத் திறந்தாள். “அம்பதுன்னா சொன்ன?”

“ஆமா.”

“அம்பதுக்கு எப்டி அதே விடை வரும்?”

“எனுக்கு இன்னாமா தெரியும்? இதுல அதான் போட்டு கீது.”

“அது முப்பதுக்கு. நீ சொன்னத நான் கேக்கவே இல்லண்ணா.”

ஒவ்வொரு தடவையும் பரீட்சை எழுதிவிட்டு வந்து, “தெரிஞ்ச கணக்குதாண்ணா, நம்பர மாத்திட்டானுங்க” என்று அழுவாள். வீடே சேர்ந்து கேள்வித்தாள் தயாரித்தவனைத் திட்டும். அந்தக் கணக்குகளை அவள் போட்டதே இல்லை, ஒப்பித்துத்தான் வைத்திருந்தாள் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

“வூட்டுக்குத் திரும்பிடலாமா?” என்று கேட்டுவிட்டேன். வாயில் சனி.

அவள் ஜெராக்ஸ் கட்டைப் பிடுங்கி, ஒரு தாளின் வெற்றுப் பக்கத்தை முட்டியில் வைத்து, எண்பதிலிருந்து இருபதைக் கழித்தாள். ஐம்பதால் வகுத்தாள். பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டதில் கோடு தாறுமாறாக ஓடியது. அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். ஒன்று புள்ளி இரண்டு. ஒப்பித்ததில் இருந்த இரண்டு இல்லை.

“வேற நீளம் சொல்லு. இதுல இல்லாதது.”

“நாப்பது.”

“ரெண்டு முனையும் அதே சூடா, மாத்திட்டியா?”

“ஒண்ணு பத்து” என்றேன். “இன்னொன்னு அதே எம்பதுதான்.”

“பூஞ்சேரி, பூஞ்சேரி!” என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். அடுத்தது மாமல்லபுரம். அவள் நிமிராமல் கீழே ஒரு கோடு இழுத்து, எண்பதிலிருந்து பத்தைக் கழித்தாள்.