இடப்பக்கம் திரும்பினால்

மேட்டுப்பாளையத்தில் எங்கள் பட்டறைக்கு வந்த மொபெட்டின் ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினேன். ஹாரன் தானாகக் கத்தியது. ஹேண்டிலுக்குக் கீழே ஒயர் உரசித் தோல் போயிருக்கும்.

சிறுவயதில் அப்பாவின் மொபெட்டுக்கும் இதே கோளாறு. முதலியார்பேட்டையில் வலப்பக்கமாகவே திரும்பி, சுற்றிச் சுற்றி வீட்டுக்கு வருவோம். பெரியப்பா வீட்டுக்கு மட்டும் அது முடியாது; அவர் இறந்த அன்றும் முடியவில்லை. அவர் வீட்டுச் சந்துக்கு இடப்பக்கம் திரும்பித்தான் ஆக வேண்டும். ஒப்பாரிக்கு நடுவே ஹாரன் அலறியது. பதறிய அப்பா ஹேண்டிலை நேராக்காமல் ஹாரன் ஸ்விட்சையே குத்திக்கொண்டிருந்தார்.

“ஏன்டா, கல்யாண ஊட்டுக்கா வந்த?” என்றார் அத்தை. வெட்கத்தில் காது சுட, நான் அப்பாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

பெரியம்மா தலைதூக்கினார். “வுடும்மா. இந்தச் சத்தம் கேட்டாதான் அவரு கதவத் தொறக்க வருவாரு.”

அழுகை இன்னும் பெரிதானது. அதன்பின் அப்பா எந்த வீட்டுக்குப் போனாலும் தெருமுனையிலேயே இன்ஜினை நிறுத்தி, வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போனார்.

பட்டறைக்கு வந்த மொபெட்டின் ஒயரில் டேப் சுற்றினேன். இவ்வளவுதான் வேலை. காது மட்டும் இன்னும் சுட்டது.