ஏகாம்பரம் நிரப்பிய படிவம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, காசிமேட்டிலிருந்து ஏகாம்பரம் அவர்களின் மகன் தொலைபேசியில் அழைத்தார். “நைனா பூட்டாரு சார்” என்றார். “எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள்?” என்று மட்டும் கேட்டேன்.

திருவொற்றியூரில் நம் தொழிற்சாலையின் வருகைப் பதிவுப் பிரிவான டைம் ஆபீசில் இருபத்தாறு ஆண்டுகள் அவருக்கு எதிர் மேசையில் அமர்ந்தவன் நான். அதனால்தான் நம் ஓய்வுபெற்றோர் மன்ற மலருக்கு என்னை எழுதச் சொன்னார்கள். தகுதியானவன்தானா என்பது ஐயமே.

நான் சேர்ந்த முதல் வாரம், ஒரு ஷிப்ட் முழுவதையும் தவறான பத்தியில் பதிந்துவிட்டேன். அவர் உணவு இடைவேளையில் சாப்பிடாமல் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தார். “இன்னாத்துக்கு வாத்யாரே நடுங்கற? மன்சன்னா தப்பு பண்ணுவான்” என்றார். அட்டை அடிக்க மறந்த தொழிலாளிக்காக மேலாளரிடம் வாதாடுபவரும் அவரே. அவர் இல்லாத நாளில் அந்த அறை அறையாகவே இராது.

தொண்ணூறுகளின் கடைசியில் என் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. தொலைபேசி வைத்திருப்பவர் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்று அப்போது ஒரு விதி. எனக்கு அதுவே முதல் முறை. எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டு, நிரப்பி அனுப்பும்படி ஏகாம்பரத்திடம் கொடுத்துவிடுவது வழக்கம். நான் மட்டும் குறிப்புகளை இரண்டு முறை படித்தேன்.

“இன்னா, பரிச்சிக்கா படிச்சிகினு கீற? கையெழுத்த போட்டு குட்த்துட்டு போய்கினே இரு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். போட்டுக் கொடுத்தேன். அன்றைய நாட்குறிப்பில், ‘படிவம் கொடுத்தாயிற்று. நிம்மதி’ என்று எழுதியிருக்கிறேன்.

சில மாதங்களில், வரி அலுவலகத்துக் கடிதத்தோடு கணக்குப் பிரிவு மேலாளர் எங்கள் இருவரையும் அழைத்தார். என் படிவத்தோடு, வரியைக் குறைப்பதற்காக, நான் வாடகை கொடுப்பதாகப் பன்னிரண்டு ரசீதுகள். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல், வீட்டுக்காரராக ஏகாம்பரத்தின் கையெழுத்து. நான் குடியிருப்பதோ இராயபுரத்தில் என் தந்தை கட்டிய வீட்டில்.

“வாடகை வீடா சார் உங்களுது?”

நான் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவர் மேலாளரைப் பார்த்தார். “அவர்தான் சார் கேட்டாரு. வரிய கொஞ்சம் கொறச்சி குடுன்னாரு. பாவமேன்னு எழுதிக் குட்த்தேன்.”

நான் கேட்கவில்லை. ஆனால் படிவத்தின் அடியில் இருந்தது என் கையெழுத்து. அபராதம் கட்டினேன், மன்னிப்புக் கடிதம் எழுதினேன், என் பணிப்பதிவேட்டில் எச்சரிக்கை ஏறியது.

அன்று மேலாளர் அறையிலிருந்து வெளியே வந்ததும் ஏகாம்பரம் என் தோளைத் தொட்டார். “மன்சுல வெச்சிக்காத வாத்யாரே. ரெண்டு பொண்ணு கல்யாணம் கீது எனுக்கு. உனுக்கு நல்ல பேரு கீது, தாங்கும்.”

தாங்கவில்லை. அடுத்த ஆண்டு வந்த பதவி உயர்வில் என் பெயர் இல்லை. அவர் வாங்கி வைத்த தேநீரை மட்டும் ஓய்வுபெறும்வரை தினமும் குடித்தேன். ஒருவேளை நான்தான் கேட்டேனோ என்று சில நாட்கள் எனக்கே தோன்றியதுண்டு.

புதன்கிழமை அவர் வீட்டில், அவர் மனைவி என்னை உறவினர்களுக்கு அறிமுகம் செய்தார். “வரி கேசுல மாட்டிகினாரே, நம்ம வூட்டுக்காரு காப்பாத்தி வுட்டாரே, அந்த சாரு.” எல்லோரும் என்னைப் பரிவோடு பார்த்தார்கள். நான் தலையசைத்தேன். அந்த அம்மையார் இதைப் படிக்க நேர்ந்தால் என்னை மன்னிக்க வேண்டும்.

மாலையை அவர் மார்பில் வைத்துவிட்டு, காதருகே குனிந்தேன். “நான் கேக்கலையே, ஏகாம்பரம்” என்றேன். நான் அழுகிறேன் என்று எண்ணி யாரோ முதுகைத் தடவிக் கொடுத்து, மெல்ல என்னை அப்பால் நகர்த்தினார்கள்.

போய் வாருங்கள், ஏகாம்பரம்.