மாமா ஏணியிலிருந்து விழுந்த வாரம்

என் தாய்மாமாவால் தொலைக்காட்சியில் ஓரிடத்தில் நிற்க முடியாது. வியாழக்கிழமை தமிழ் நாடகத்தில் அவருக்கு அலுவலகத்தில் தேநீர் கொண்டுவரும் ஆள் வேடம். கதவைத் திறக்கும் முன் மூன்று குதி. தட்டோடு ஒரு சுற்று. முதலாளி திட்டினால் அதற்கும் ஒரு சிரிப்பு, ஒரு துள்ளல். எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில் கரங்கான் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டப் பள்ளியில் யாரும் வகுப்புக்குள் நடந்து போனதில்லை. மூன்று முறை குதித்துத்தான் போனோம். நான் நான்காம் வகுப்பு. அவருடைய அக்காள் மகள் என்பதால் ஐஸ் கட்டி வாங்கும் வரிசையில் எனக்கு முதல் இடம்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மின்சாரம் கிடையாது. வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் வீட்டில் மட்டும் ஒரு தொலைக்காட்சி, கார் பேட்டரியில் ஓடுவது. வாரம் ஒருமுறை பேட்டரியை பஸ்ஸில் ஏற்றிக் கூலிம் டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் செய்து வருவார்கள். பேட்டரி இளைத்தால் படம் நான்கு பக்கமும் சுருங்கும். மாமா வரும்போதுதான் அதிகம் சுருங்குகிறது என்பது எங்கள் நம்பிக்கை.

“அவன் ஆடுற ஆட்டத்துக்கு பேட்டரி எப்படி லா தாங்கும்?” என்று மண்டோரே சொல்வார்.

ஆகவே மற்றவர்கள் பேசும் காட்சிகளில் பெட்டியை அணைக்கச் சொல்லிக் கத்துவோம். காதலர்கள் அழுத காட்சிகள் பல எங்கள் தோட்டத்துக்கு வந்து சேரவே இல்லை.

அம்மா மட்டும் பார்க்க வரமாட்டார். எங்களோடு தங்கிப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த மாமா, மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில் கத்தியையும் வாளியையும் மரத்தடியில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கோலாலம்பூர் பஸ் ஏறிவிட்டார். அவர் விட்டுப்போன மரங்களை அன்று அம்மாவே வெட்டி முடித்தார். “எனக்குத் தம்பி இல்ல” என்றார். அதன் பிறகு வீட்டில் மாமாவின் பேச்சே கிடையாது.

ஒரு வியாழன், அலுவலகச் சுவருக்குச் சாயம் அடிக்க ஏறிய மாமா ஏணியின் உச்சிப் படியில் ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டிருந்தபோது ‘தொடரும்’ போட்டுவிட்டார்கள். விழுவாரா, மாட்டாரா? ஒரு வாரம் பள்ளியில் வேறு பேச்சில்லை. விழுவார் என்று நான் அறிவித்தேன், குடும்பத்து ஆள் என்ற அதிகாரத்தில்.

அந்த வாரம் பார்த்துக் கனத்த மழை. பஸ் வரவில்லை, பேட்டரி கூலிமுக்குப் போகவில்லை. வியாழன் மாலை மண்டோர் வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்த அத்தனை பேரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா தோட்டத்துப் பால் லாரி ஓட்டுபவர்.

“அரை மணி நேரந்தானே, அண்ணே” என்றார் மண்டோர்.

அப்பா எழுந்து போனார். லாரி பேட்டரியைக் கழற்றி, கோணியால் மூடி, தோளில் வைத்துக்கொண்டு மழையில் வந்தார். அப்பாவுக்கு யாரும் கைதட்டி நான் பார்த்தது அன்றுதான்.

நாடகம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அம்மா குடையோடு வாசலில் நின்றார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

“காலையில லாரி கிளம்பலன்னா அத்தன பாலும் கெட்டுப்போகும். வேல போயிடும். கழட்டுங்க அத.”

“அக்கா, ரெண்டு நிமிசம்க்கா! இப்பதான் ஏணி வருது!” என்றார் மண்டோர்.

“ஏணியாவது கோணியாவது…”

அப்போது மாமா விழுந்தார். முதலில் ஏணி, அடுத்து சாய வாளி, அதன்மேல் மாமா. தரையில் உருண்டு, எழுந்து, சாயம் வழியும் முகத்தில் பல் தெரியச் சிரித்து, மூன்று குதி குதித்தார். வீட்டின் பலகைச் சுவர் அதிர்ந்தது. கத்திக் கத்தி என் குரல் போய்விட்டது. சிரிப்பில் மண்டோருக்குப் புரையேறியது. நான் சொன்னது நடந்துவிட்டது என்ற பெருமையோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அம்மா சிரிக்கவில்லை.

“மெலிஞ்சிட்டான்” என்றார். பேட்டரியைக் கழற்றச் சொல்லவில்லை. முடியும்வரை நின்றுகொண்டே பார்த்தார்.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் என்னைக் கூப்பிட்டார். “ஏ பிள்ள, பென்சில் எடு. மாமாவுக்கு ஒரு கடுதாசி.” அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முகவரி அப்பாவிடம் இருந்தது. அது அவரிடம் எப்படி வந்தது என்று அம்மா கேட்கவில்லை.

“தம்பி, குதிச்சது போதும். எனக்குக் கோவம் இல்ல. அடுத்த மாசம் மொத சனிக்கிழம வீட்டுக்கு வா. எழுதிட்டியா?”

எனக்குத் திக்கென்றது. மாமா வந்துவிட்டால் நாடகத்தில் யார் குதிப்பது? திரும்பவும் பால்மரம் வெட்ட அனுப்பிவிடுவார்களே! ஐஸ் கட்டி வரிசையில் என் நிலைமை? யோசித்து, அழகான கையெழுத்தில் எழுதினேன்: ‘அன்புள்ள மாமா, ஏணிக் காட்சியை அம்மாவும் பார்த்தார். மிகவும் நன்றாக இருந்தது. அடுத்த முறை இன்னும் உயரமான இடத்திலிருந்து விழவும்.’

“படி, கேட்போம்” என்றார் அம்மா. அவர் சொன்னதை ஓர் எழுத்து மாறாமல் ஒப்பித்தேன். தலையாட்டிவிட்டு, உறையை அவரே நாக்கால் ஈரம் தொட்டு ஒட்டினார். தபால்பெட்டிவரை நான் ஓடினேன்.

அடுத்த மாதத்தின் முதல் சனிக்கிழமை எங்கள் வீட்டில் கோழி அடித்தார்கள். விசேஷம் ஒன்றுமில்லாமல் கோழி! நான் அடுப்படியை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் அம்மா எழுந்து போய் வாசலைக் கூட்டிவிட்டு வந்தார். அன்று நாலு தடவை கூட்டினார். அப்படி ஒன்றும் குப்பை இல்லை.

கடைசி பஸ்ஸும் போன பிறகு எங்களுக்குச் சோறு போட்டார். மூடித் தனியாக எடுத்து வைத்திருந்த கிண்ணத்தைத் திறந்து, அதிலிருந்த தொடைக்கறியையும் என் தட்டில் வைத்தார். இரண்டு தொடை, இரண்டும் எனக்கே. அம்மா சாப்பிட உட்காரவில்லை. அப்பா ஏதோ மெதுவாகச் சொன்னார். என்னவென்று நான் கவனிக்கவில்லை. முதலில் எந்தத் தொடையைத் தின்பது என்பதே என் கவலையாக இருந்தது.