வீரன் வரும்வரை நிற்கிற ஊர்

போன செவ்வாய்க்கிழமை காலையில் என் தங்கை புருஷன் தண்ணீர் திருடினார்.

அது திருட்டு என்று அவருக்கே தெரியாது. பெயர் பாஸ்கர். ஷார்ஜாவில் பல வருஷம் ஏ.சி. மெக்கானிக் வேலை. போதும் என்று முடித்துக்கொண்டு, பாபநாசம் பக்கத்தில் இருக்கிற ஊருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. விடிந்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனார். செவ்வாய் நம்ம முறை என்று மடையைத் திறந்துவிட்டார்.

வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்ச்ச முடியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிழமை. அதுதான் முறை. பாஸ்கர் விமானம் ஏறியபோது செவ்வாய் அவர்கள் வீட்டு முறைதான். இப்போது இல்லை. அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை... அவரும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மும்தாஜ் அக்கா வந்துவிட்டார். அடுத்த வயல்காரர். அவர் வீட்டுக்காரரும் வெளிநாட்டில்தான், சவுதியில். வந்த வேகத்தில் மடையை அடைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார்.

"தம்பி, யாரைக் கேட்டு மடைய வெட்டுனீங்க?"

"நம்ம முறைதானக்கா? செவ்வாக்கெழம..."

"எந்தக் காலத்துல இருக்கீங்க? செவ்வா எங்க முறை. உங்க வீட்டுக்கு வியாழன்."

"எங்கப்பா காலத்துலேர்ந்து செவ்வாதான்."

"உங்கப்பா இருந்தாரு, ராவுல டார்ச் லைட்டோட வந்து நின்னாரு. நீங்கள்லாம் ஃபிளைட் ஏறிட்டீங்க. இங்க ராத்திரி முறைக்கு யாரு வர்றது? நாங்க உக்காந்து மாத்திக்கிட்டோம்."

நடந்தது அதுதான். ஆண்கள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் திருப்பூருக்கும் போன பிறகு, அந்த வாய்க்காலில் பாதி வயல்களைப் பார்த்தது பெண்கள். இருட்டில் தனியாக மடைக்குப் போவது அவர்களால் ஆகிற காரியமில்லை. அதனால் பெண்கள் மட்டும் இருக்கிற வீடுகளுக்குப் பகல் முறை, ஆண்கள் இருக்கிற வீடுகளுக்கு ராத்திரி முறை என்று பேசி மாற்றிக்கொண்டார்கள். கூடவே ஒரு சட்டமும் போட்டார்கள். முறை தவறி மடை திறந்தால் அந்த வீட்டுக்கு அடுத்த முறை கிடையாது. அந்தச் சட்டத்துக்காக அதிகம் சத்தம் போட்டது யார் தெரியுமா? என் தங்கை செல்வி!

இது கடைசிச் சுற்று. இதோடு வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிடும். நடவு தாமதமானதால் செல்வியின் நெல் இப்போதுதான் பால் பிடிக்கிறது. இந்த வியாழன் தண்ணீர் கிடைக்காவிட்டால் மணி திரளாது. மிஞ்சுவது பதர்.

பொங்கல் சீர் கொடுக்கப் போன நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கோபம் வந்தது. பாஸ்கர் மேல் பாதி. மீதி, வீடியோ கேம் செய்கிற கம்பெனிக்காரர்கள் மேல்.

சிரிக்காதீர்கள். சொல்கிறேன்.

முந்தின நாள் சாயங்காலம் நானும் மாப்பிள்ளையும் கேம் ஆடிக்கொண்டிருந்தோம். ஷார்ஜாவிலிருந்து வரும்போதே கேம் ஆடுகிற கருவியோடுதான் வந்தார். ஓபன் வேர்ல்டு என்று சொல்கிறார்களே, அந்த வகை. வாள், மந்திரம், பறக்கும் பூதம் எல்லாம் உண்டு. இந்த வழியில்தான் போக வேண்டும் என்று கிடையாது. மலை ஏறலாம், கடல் தாண்டலாம், நினைத்த இடத்துக்குக் குதிரையை விடலாம். எனக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. இந்த வயதில் உனக்கெதற்கு என்று கேட்பவர்கள் இந்த வாரம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

அந்த கேமின் தொடக்கத்தில் ஒரு கிராமம் வரும். கிணற்றடியில் ஒரு பெண், குடத்தோடு. "வீரனே, எங்கள் ஊரைக் காப்பாற்று, தாமதிக்காதே" என்பாள். வீரன் போவான். போய் மீன் பிடிப்பான், குதிரை வாங்குவான், நாலு ராஜ்யம் சுற்றுவான். திரும்பி வந்தால் அதே கிணறு, அதே குடம், அதே வசனம். ஊரைத் தின்னப்போகிற பூதமும் அவன் வரட்டும் என்று மலை மேல் காத்திருக்கும். வயலில் அதே கதிர். யாரும் அறுக்கவில்லை. அதற்குள் புகுந்து குதிரையை ஓட்டினாலும் ஒருத்தன் வந்து ஏன் என்று கேட்க மாட்டான்.

"மாப்ள, இந்தம்மாவுக்கு வேற வேலையே இல்லையா?" என்றேன்.

பாஸ்கர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "மச்சான், அங்க ஒரு ரூம்ல எட்டுப் பேரு. லீவு அன்னிக்கு இதத் தொறந்தா மொதல்ல இந்தக் கெணத்தடிக்குத்தான் வருவேன். எல்லாம் அப்புடியே இருக்கும். நம்ம ஊரும் இப்புடித்தான் இருக்கும், போயிரலாம்னு ஒரு தெம்பு."

வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்த செல்விதான் பதில் சொன்னாள்.

"அவ நிப்பா. அவளுக்கென்ன மாடா கன்னா? நான் நின்னா சோறு யாரு போடுறது?"

இருவரும் சிரித்தோம். மறுநாள் விடிந்ததும் அவர் மண்வெட்டியை எடுத்தார்.

கேம் விளையாடியதால்தான் பாஸ்கர் மடையைத் திறந்தார் என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. கேமே தெரியாத எத்தனையோ ஆண்கள் திரும்பி வந்து இதையேதான் செய்கிறார்கள். ஆனால் இந்த கேம்களைச் செய்கிறவர்களும் அந்த ஆண்கள் மாதிரியே யோசிக்கிறார்கள். ஊர் என்பது நாம் விட்டுவிட்டுப் போன இடத்தில் நிற்கும் என்ற நினைப்பு. ஒவ்வொரு புது கேமுக்கும் எங்கள் மேப் முன்பைவிடப் பெரியது என்று விளம்பரம். பெரிதாக்கி என்ன செய்ய? பத்து கிராமம் இருந்த இடத்தில் நூறு கிராமம். நூறிலும் ஒரு பெண் குடத்தோடு நிற்பாள்.

எனக்கு ஒரே ஒரு கிராமம் போதும். அதில் நான் இல்லாதபோது நாற்று விடட்டும், நடட்டும், அறுக்கட்டும். நான் உதவிக்கு வராவிட்டால் அந்தப் பெண் வேறு ஆளைப் பார்த்து வேலையை முடித்துக்கொள்ளட்டும். அல்லது ஊர் அழிந்தே போகட்டும், அதையும் நான் வந்து பார்க்கிறேன். பயிரை மிதித்தால் அடுத்த முறை அந்த ஊரில் எனக்குக் குடிக்கத் தண்ணீர் தரக்கூடாது. திரும்பி வரும்போது பாதை மாறியிருக்கட்டும், சட்டம் மாறியிருக்கட்டும். பூதத்தைக் கொன்ற வாளை வைத்துக்கொண்டு ஒரு மடையைத் திறக்க முடியாமல் நான் முழிக்க வேண்டும். இப்படிச் செய்ய ரொம்பக் கஷ்டம் என்பார்கள். புல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காற்றில் ஆட்டத் தெரிகிறதே... அந்தக் கஷ்டத்தை இதில் படுங்கள்.

சரி, வயல் என்ன ஆயிற்று?

செல்வி அழவில்லை, கத்தவுமில்லை. "நான் போட்ட சட்டம். நானே போயி எனக்கு மட்டும் அந்தச் சட்டம் வேணாம்னு நிக்க மாட்டேன். தொறந்தது நீங்க. நீங்க போயி கேளுங்க" என்றாள். பாஸ்கர் மும்தாஜ் அக்கா வீட்டுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

"தம்பி, வந்ததுக்கு டீ குடிங்க. ஆனா வாய்க்கா பேச்சுக்குச் செல்விய வரச் சொல்லுங்க. உங்ககிட்ட என்னத்தப் பேசுறது?"

"தெரியாம செஞ்சிட்டேன்க்கா. தப்புதான். பயிரு அவ வளத்தது. என்னால அது காயக் கூடாது."

மும்தாஜ் அக்கா மற்ற பெண்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டார். கடைசியில் தீர்ப்பு வந்தது. வியாழன் பகல் தண்ணீர் வாய்க்காலின் கோடியில் இருக்கிற கடைமடை வயலுக்கு. அது பாய்ந்து முடிந்து, பொழுது சாய்வதற்குள் வாய்க்காலில் மிச்சம் ஓடினால் செல்வி வீட்டுக்கு.

மிச்சம் ஓடியது. செல்வி வயலின் மேல்பாதி நனைந்தது. கீழ்ப்பாதிக்குப் போய்ச் சேரவில்லை. வெடித்த மண்ணுக்கு முன்னால் தண்ணீர் நின்றுவிட்டதை பாஸ்கர் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். செல்வி மடையை அடைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பாஸ்கர் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"வேற என்னென்ன மாறியிருக்கு செல்வி?"

ஊர் திரும்பிய வீரன் இப்படி ஒரு கேள்வி கேட்கிற கேம் வந்தால் சொல்லுங்கள். என்ன விலையானாலும் வாங்குகிறேன்.