பாடு நாளில் மொண்ட தண்ணீர்

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பிதழ் வந்தது. என் பேராசிரியைக்குப் பணிநிறைவு விழா. அவர் செய்ததையெல்லாம் பதினொரு வரியில் போட்டிருந்தார்கள்: பட்டங்கள், குழுக்கள், கருத்தரங்குகள். பழவேற்காடு இல்லை. மூன்று முறை பார்த்தேன், இல்லை. கோபம் வந்தால் எனக்குக் கத்த வராது, பட்டியல்தான் போட வரும். விட்டுப்போனதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரியிலேயே கருவாட்டு வாடை வந்துவிட்டது. பழவேற்காட்டு ஏரிக்கரைப் பள்ளியின் பின்சுவரை ஒட்டித்தான் கருவாடு காயும். ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கச் சொல்லித்தரும் பேராசிரியை, அங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, ஸ்ட்ராவின் அடியில் களிமண் அடைத்து ஏரித் தண்ணீரில் மிதக்கவிடுவார். உப்பு கூடினால் ஸ்ட்ரா மேலே எழும்பும். பிள்ளைகள் அளந்து நோட்டில் எழுதுவார்கள். அந்த நோட்டுகளிலிருந்து கரையோரப் பள்ளிகளுக்கு ஓர் அறிவியல் புத்தகம் கொண்டுவர வேண்டும் என்பது, ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்த காலத்திலிருந்தே அவருடைய ஆசை. நான் அவருக்கு உதவியாளர். முதல் வேலை.

திங்கட்கிழமைதோறும் பிள்ளைகள் முகத்துவாரத்தில் தண்ணீர் எடுக்க அட்டவணை போட்டேன். செல்வி என்ற மாணவி சிரித்துவிட்டாள்.

"எங்க நைனாவுக்கு அங்க பாடு வர்ற அன்னிக்குத்தான் மிஸ் படகு போவும். திங்கக்கெழமன்னா நான் இன்னா, நீந்திப் போய் மொண்டாரதா?"

எந்த நாளில் யார் எங்கே வலை போடுவது என்று ஊர் கூடி வைத்த முறைதான் பாடு. பேராசிரியை என் அட்டவணையை மடித்து என்னிடமே தந்தார். "ஏரி உன் காலண்டரப் பாத்து ஓடலம்மா. போற அன்னிக்கு எடுக்கட்டும்."

இரண்டு வருடம் எடுத்தார்கள். தேதிகள் தாறுமாறாக இருந்தன. அறிக்கை தட்டச்சு செய்தபோது எனக்கு அது பொறுக்கவில்லை. அவரிடம் சொல்லாமல் ஒவ்வொரு அளவையும் பக்கத்துத் திங்கட்கிழமைக்கு நகர்த்தினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

புத்தகத்துக்கு அனுமதி தர வந்த குழுவில் ஒருவர் பிள்ளைகளின் நோட்டையும் அறிக்கையில் நான் போட்ட அட்டவணையையும் ஒப்பிட்டார்; தேதிகள் ஒத்துப்போகவில்லை. "மீனவப் பசங்க அளந்தாங்களாம், நாம நம்பணுமாம்" என்று சிரித்தார். பேராசிரியை பாடு பற்றிச் சொல்லச் சொல்ல, அந்த ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தேதியை மாற்றியது யார் என்று கேட்டார். நான் குனிந்து நோட்டுகளை அடுக்கினேன்.

"நான்தான்" என்றார் பேராசிரியை.

புத்தகம் நின்றது. அவரை வினாத்தாள் பிரிவில் போட்டார்கள், கடைசிவரை. என்னிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "அடுத்த வேலையில தேதிய மாத்தாத." என்மேல் உள்ள கோபம் எனக்குப் பழகிவிட்டது. அந்தச் சிரிப்பின்மேல் உள்ளது ஆறவேயில்லை.

இப்போது நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். முகத்துவாரம் மணலேறிக் கிடக்கிறது. போன மாதம் செல்வியின் நைனா தேடி வந்தார். "மணல வாரச் சொன்னா, முன்ன தண்ணி எப்டி இருந்துச்சுன்னு ஆபீசுல காயிதம் கேக்கறாங்க. நம்ம புள்ளைங்க எழுதினது இருக்குதாம்மா?"

பள்ளிக்கு வெள்ளையடித்தபோது நோட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்கள். என்னிடம் மிஞ்சியிருப்பது நான் தேதி மாற்றிய அட்டவணை. அதை அவர் கையில் கொடுக்க முடியாது.